ஓஷ் நகரத்துக் காற்று

விலை பேசி முடிக்கவே ஒரு மணி நேரம்.
ஓஷ் சந்தைக்குப் பின்னால், முலாம்பழ வண்டிகளுக்கு நடுவே,
முர்காபுக்கு ஆள் சேரும்வரை நகராத ஜீப்.
அலிநசர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஆறாவது ஆளாய் வந்து சேர்ந்தான் சகின்பெக்,
ஏழு வருஷம் கழித்து, மாஸ்கோவிலிருந்து,
அம்மாவுக்கு ஒரு டிவியோடு.
அது போர்வை சுற்றிக்கொண்டு கூரைமேல் ஏறியது,
எங்கள் எல்லோரையும்விடப் பத்திரமாக.

என் மாத்திரை அட்டையைப் பார்த்துச் சிரித்தான்.
"தலைவலியெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு.
நான் அங்கேயே பிறந்தவன்."
ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான்,
பார்த்துச் சலித்த மலைதானே என்று.

சாரி-தாஷில் தேநீர். மூவாயிரம் மீட்டர் தாண்டிவிட்டதாம்.
கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில்,
நாற்பது தப்படி.
பாதியில் நின்று வேலியை ரசிப்பதுபோல் நடித்தேன்.
"காசைத் தொலைத்தவன் மாதிரி நட" என்றார் அலிநசர்.
"அவசரப்பட்டால் கிடைக்காது."
பிறகு எல்லோரும் அப்படித்தான் நடந்தோம்.
சகின்பெக் மட்டும் ஓடிப்போய்,
டிவியின் கயிற்றை இறுக்கிவிட்டு வந்தான்.

கிசில்-ஆர்ட் கணவாய்.
மண் சிவப்பு. வானம் நீலமில்லை, நீலத்துக்கும் அடுத்த ஏதோ.
பைக்குள் பேனா மை கக்கியிருந்தது.
சிப்ஸ் பாக்கெட் உப்பி, வெடிக்கட்டுமா என்றது.
சாவடியில் சிப்பாய் என் பாஸ்போர்ட்டைத்
தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது
சகின்பெக் கதவைத் திறந்தான்,
சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.
நாங்கள் மரியாதையாக மலையைப் பார்த்தோம்.
"காலையில் தின்ற முட்டை" என்றான், வாயைத் துடைத்தபடி.
யாரும் மறுக்கவில்லை.

முர்காப் நாளைக்கு, என்றார் அலிநசர்,
பேரத்துக்கு இடமில்லாத குரலில்.
கராகுலில், புருல்கான் வீட்டில் சாணி அடுப்பு எரிந்தது.
விரலில் மாட்டுகிற கிளிப் என்னிடம் இருந்தது.
அலிநசர் தொண்ணூற்று மூன்று.
நான் எண்பத்தொன்று.
சகின்பெக் எழுபத்திரண்டு.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினான்.
எழுபத்தொன்று.
புருல்கானின் மகன் எர்மெக் பூனையின் காலில் மாட்டிப் பார்த்தான்.
பூனைக்கு எண்ணே வரவில்லை,
அது பாட்டுக்குத் தூங்கியது.

பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் தலையணை ஒன்றை எடுத்துவந்தாள் புருல்கான்.
சோவியத் காலத்தது.
மருத்துவமனையில் ஆக்சிஜன் நிரப்பி வாங்கி வைத்திருந்தாள்
ஜெர்மன்காரர்களுக்காக.
குழாயை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவள் கிர்கீஸில் ஏதோ சொன்னாள்,
"மாஸ்கோ" மட்டும் எனக்குப் புரிந்தது.
அடுப்பைச் சுற்றிச் சிரிப்பு.
கடைசியில் அவனும் சிரித்தான், குழாயைக் கவ்விக்கொண்டான்.
அலிநசர் எனக்கு மொழிபெயர்த்தார்:
"நுரையீரலை அங்கேயே அடகு வைத்துவிட்டு வந்தாயா?"

ராத்திரி,
கண் சொருகுகிற நேரம் பார்த்து மூச்சு நின்றுபோகும்.
திடுக்கிட்டு எழுவேன்.
இருட்டில் இன்னொருவரும் எழுகிற சத்தம்.
"அம்மாவுக்குத் தெரியவேண்டாம்" என்றான்,
ஏதோ நான்தான் அவளுக்குத் தினமும்
கடிதம் எழுதுகிறவன் மாதிரி.

விடிந்ததும் எர்மெக்கின் கையில் என் சிப்ஸ் பாக்கெட்.
"இங்கே கொடு."
மூக்கருகே வைத்துக் கிழித்தான் சகின்பெக்.
"ஓஷ் காற்று" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.
"ஆயிரம் மீட்டர்!"
வீடெங்கும் உப்பும் எண்ணெயும் மணத்தது.
கிளிப்பில் எழுபத்தொன்பது.
சிப்ஸை எர்மெக் தின்றான்.

கிளம்பும்போது டிவியின் கயிறு தளர்ந்திருந்தது.
அவன் எழுந்திருக்கவில்லை.
"நீங்கள் கொஞ்சம்..." என்றான்.
மூன்று படி ஏணி.
படிக்கொரு தரம் நின்று ஏறினேன்,
இறங்கி வந்தால்
ஜன்னலோரத்தில் அவன்.

ஏரிக்கு அப்பால் பனி மூடிய ஒன்றைக் காட்டி
அதன் பெயர் என்னவென்று கேட்டேன்.
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு முன்பக்கம் சாய்ந்து,
எனக்குக் கேட்காதபடி,
அலிநசரிடம் கேட்டான்.